விரல் போன கைக்கும் ஒரு வில் உண்டு!

கணபதியிலிருந்து காந்திபுரம் போகும் டவுன் பஸ்ஸில் அவர் எப்போதும் இடது கையால்தான் காசு நீட்டுவார். வலது கை தோளில் கிடக்கும் துண்டுக்குள் மறைந்திருக்கும்.

வயது 46. பம்ப்செட் உதிரிபாகம் செய்யும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் 19 வருடங்கள் பவர் பிரஸ் ஓட்டியவர். ஒரு நைட் ஷிஃப்ட்டில் பிரஸ் இறங்கியபோது வலது கையின் ஆள்காட்டி, நடு, மோதிர விரல்கள் போய்விட்டன. காயம் ஆறியது. அதே இடத்தில் பேக்கிங் வேலையும் கிடைத்தது. ஆனால், அதன்பிறகு அவர் ஒரு ஸ்பேனரைக்கூடத் தொடவில்லை. வீட்டில் பல்பு மாற்றுவதுகூட மனைவிதான்.

2024 செப்டம்பரில் ஒருநாள், ப்ளஸ் டூ படிக்கும் மகள் மொபைலை நீட்டினாள். ``அப்பா, இந்த அக்காவைப் பாருங்களேன்!''

பாரிஸ் பாராலிம்பிக்ஸ். திரையில் ஷீத்தல் தேவி. ஜம்மு காஷ்மீரின் கிஷ்த்வார் மாவட்டத்துப் பெண். பிறவியிலேயே இரண்டு கைகளும் இல்லை. காலால் வில்லைத் தாங்கி, தோளால் நாணை இழுத்து, தாடையின் அசைவால் அம்பை விடுகிறார். 17 வயதில், ராகேஷ் குமாருடன் சேர்ந்து கலப்பு அணிப் பிரிவில் வெண்கலம் வாங்கினார்.

அந்த வீடியோவை அவர் அன்றிரவு தனியாக நாலைந்து முறை பார்த்தார்.

பிறகு தேட ஆரம்பித்தார். முதலில் கண்ணில் பட்டது கிராஸ்போ. துப்பாக்கி மாதிரி தோளில் வைத்து விசையை அழுத்தினால் போதும். வெளிநாட்டில் சக்கர நாற்காலியில் இருப்பவர்கள்கூட அதை வைத்து வேட்டையாடுவதாக வீடியோக்கள் வந்தன. எடை சுமார் 3 கிலோதான். `இதுதான் நமக்குச் சரி' என்று முடிவு கட்டினார். தொண்டாமுத்தூர் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் மச்சினன், ``வாங்கிப் போடுங்க மாமா, பன்னித் தொல்லைக்கும் ஆச்சு'' என்று ஏற்றிவிட்டார்.

மகள் விடவில்லை. ``அப்பா, வேட்டையாடினா ஜெயில்!''

அவள் சொன்னது சரிதான். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே வேட்டை குற்றம். பயிரை நாசம் செய்யும் காட்டுப்பன்றியாக இருந்தாலும் வனத்துறையிடம்தான் போக வேண்டும்.

``வேட்டைக்கு இல்ல அம்மிணி. சும்மா குறி பார்க்கத்தான்'' என்றார். மகள் நகரில் இருக்கும் ஒரு வில்வித்தைப் பயிற்சி மையத்துக்கு அவரைக் கூட்டிப்போனாள்.

பயிற்சியாளருக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ``வாங்கண்ணா'' என்று உட்காரவைத்து, பொறுமையாகக் கேட்டார்.

``கிராஸ்போ கையில தூக்க லேசுதான்ணா. ஆனா, ஒவ்வொரு அம்புக்கும் முன்னால நாணை இழுத்து மாட்டணும். 150 பவுண்டு இழுவைன்னா 68 கிலோ. சிமென்ட் மூட்டையே 50 கிலோதான். கயிறு போட்டு இழுத்தா பாதியாகும், அப்பவும் ரெண்டு கையும் வேணும். சுத்துற கிராங்க் வெச்சதும் இருக்கு. ஆனா, இன்னொரு விஷயம்...''

கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். கிராஸ்போவைப் பிடிக்கும் கையின் கட்டைவிரல், நாண் ஓடும் பாதைக்கு மேலே தெரியாமல் நீட்டிக்கொண்டிருந்தால், விசையை அழுத்திய நொடியில் நாண் அதைப் பதம் பார்த்துவிடும்.

அவர் துண்டுக்குள் கையை இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டார். பிரஸ் இறங்கும் சத்தம் கேட்டது போலிருந்தது.

``அப்ப நமக்கு எதுவும் ஆகாதுங்களா தம்பி?''

``ஏன் ஆகாது? காம்பவுண்ட் வில் இருக்கே!''

இரண்டு முனையிலும் சின்னச் சக்கரங்கள் வைத்த வில் அது. இழுக்க ஆரம்பிக்கும்போது முழு பாரம் தெரியும். கடைசிவரை இழுத்துவிட்டால் சக்கரங்களே பெரும்பகுதியைத் தாங்கிக்கொள்ளும். 30 பவுண்டு வில்லில் 70 சதவிகிதம் குறைந்தால், குறி பார்க்கும் நேரத்தில் கையில் நிற்பது 9 பவுண்டு... சுமார் 4 கிலோ. திருகாணியைத் தளர்த்தி முழு இழுவையையும் ஓரளவு குறைக்கலாம். உலகப் போட்டிகளிலேயே இந்த வில்லுக்கு 60 பவுண்டுதான் உச்சவரம்பு.

``ஆனா புடிக்கவே விரல் இல்லீங்களே...''

பயிற்சியாளர் சிரித்தார். ``வில்லை யாருமே இறுக்கிப் பிடிக்கக் கூடாதுண்ணா. பிடிச்சா அம்பு திரும்பிடும். உள்ளங்கையால தள்ளினா போதும். கீழ விழாம இருக்க ஒரு வார் கட்டுவோம். வலது கை தள்ளட்டும், இடது கை இழுக்கட்டும். இடது கைக்காரர் வில்தான் உங்களுக்கு.''

அளவு எடுத்தார்கள். இரண்டு கைகளையும் விரித்து நுனிக்கு நுனி அளந்து, 2.5-ஆல் வகுத்தால் நாண் எவ்வளவு தூரம் இழுபட வேண்டும் என்று தெரியும். அவருடைய வலது கை நுனி குறைகிறதே? இடது பக்கத்தை மட்டும் நெஞ்சின் நடுவிலிருந்து அளந்து இரண்டால் பெருக்கினார் பயிற்சியாளர். 66 அங்குலம். வகுத்தால் 26 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல்.

``மூணு மாசத்துக்கு எதுவும் வாங்காதீங்க. இங்க இருக்கறதுலயே பழகுங்க. தோளுக்கு எவ்வளவு தாங்குதுன்னு தெரிஞ்ச பிறகு வாங்கலாம். தோளுக்கு டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுடுங்க. அம்பு இல்லாம நாணை மட்டும் இழுத்து விடவே கூடாது, வில் உடைஞ்சுடும்'' என்றார்.

முதல் ஞாயிறு, பத்தே மீட்டர் தூரம். முதல் அம்பு இலக்கின் அடியில் மண்ணில் குத்தியது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை இழுத்தபோது, சக்கரம் உருண்டு பாரம் சட்டென்று குறைந்ததை உணர்ந்தார். விரல் இல்லாத உள்ளங்கை வில்லை முன்னால் தள்ளிக்கொண்டு ஆடாமல் நின்றது. அந்தக் கை ஒரு வேலையைச் செய்து இரண்டு வருடங்களாகியிருந்தன.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டார். ``ஏனுங்க, எத்தனை பட்டுச்சு?''

``பத்துக்கு நாலு.''

``மீதி ஆறு?''

``அடுத்த வாரம்.''

அடுத்த ஞாயிறு காலை பஸ்ஸில் கூட்டம். இடது கையால் கம்பியைப் பிடித்திருந்தார். கண்டக்டர் வந்ததும், துண்டை விலக்கி வலது கையை நீட்டினார். கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே ஒரு இருபது ரூபாய் நோட்டு இருந்தது.