முத்துராஜவெலச் சேறு

இலங்கையைச் சுற்றிப் பார்க்கவெனக் கட்டுநாயக்காவில் வந்திறங்கும் வெளிநாட்டார் சிறுத்தையைத் தேடி யாலவுக்கும், கரடியைத் தேடி வில்பத்துவுக்கும், மழைக்காட்டுப் பறவைகளைத் தேடி சிங்கராஜவுக்கும் மணிக்கணக்காகப் பயணிக்கிறார்கள். விமான நிலையத்திலிருந்து கொழும்புக்கு வரும் அதிவேகப் பாதையின் ஓரத்திலேயே, நாணலும் நீருமாக விரிந்து கிடக்கும் முத்துராஜவெலயை அவர்களில் அநேகர் திரும்பியும் பார்ப்பதில்லை. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. வத்தளையிலேயே பிறந்து வளர்ந்த நம்மவர் பலருக்கும் அது வெறும் சேறுதான்.

நான் குருநாகல் மாவட்டத்துக் கிராமமொன்றில் படிப்பிப்பவன். பாடசாலை விடுமுறைக்கு மாபோலையிலுள்ள ராத்தா வீட்டுக்கு வருவது வழக்கம். சென்ற விடுமுறையில் ராத்தாவின் இளைய மகளையும் கூட்டிக்கொண்டு பமுணுகம பக்கம் போய், விடியற்காலையில் ஒரு படகில் ஏறினேன்.

"மாமா, இந்தச் சேத்தப் பாக்கவா வந்த? யானையும் இல்ல, புலியும் இல்ல" என்று சலித்துக்கொண்டாள்.

படகு ஹமில்டன் கால்வாயில் மெதுவாகப் போனது. வெள்ளையராட்சியின் தொடக்கத்தில், உப்புநீரை வடியச் செய்வதற்காக வெட்டப்பட்ட கால்வாய் அது. 'வெல' என்றால் சிங்களத்தில் வயல். கோட்டை இராச்சிய காலத்தில் இங்கு நெல் விளைந்ததாகச் சொல்வர். பிறகு கடல்நீர் உட்புகுந்து வயல்கள் கைவிடப்பட்டன. மனிதர் கைவிட்டதை மற்ற உயிர்கள் எடுத்துக்கொண்டன.

கண்டல் வேர்களுக்கிடையே கபரகொய்யா ஒன்று நாக்கை நீட்டியபடி நகர்ந்தது. பட்ட மரத்தில் நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைத்துக் கொண்டிருந்தது. ஊதா நிறத்தில் கோழி போன்ற பறவையொன்று சிவந்த சொண்டால் நாணல் தண்டை ஒடித்துத் தின்றது. பிள்ளை பேச்சை நிறுத்திவிட்டு விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள். இரவில்தான் மீன்பிடிப் பூனை வெளியே வரும் என்றும், முதலை இருந்தாலும் எல்லார் கண்ணிலும் படாது என்றும் படகோட்டி சொன்னபோது அவளுடைய கை என் சட்டையைப் பற்றிக்கொண்டது.

ஏறக்குறைய 7,000 ஆண்டுகளாக உருவான சதுப்பு நிலம் இது. பரப்பு 3,068 ஹெக்டயர். வடக்கே நீர்கொழும்புக் களப்போடு இணைந்திருக்கிறது. 1996 ஆம் ஆண்டில் இதன் வடபகுதி சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. களப்பின் இறாலும் மீனும் சிறு குஞ்சுகளாக ஒதுங்கி வளர்வது கண்டல் வேர்களில்தான். மழைக்காலத்தில் ஆறுகளிலிருந்து வழிந்துவரும் வெள்ளத்தை உறிஞ்சி வைத்து, கொஞ்சங் கொஞ்சமாகக் களப்புக்கும் கடலுக்கும் விடுவதும் இந்தச் சேறுதான். 2003 இல் வெளியான ஆய்வொன்று இந்நிலத்தின் பயனை ஆண்டுக்கு ஏறத்தாழ 80 இலட்சம் டொலர் என மதிப்பிட்டது. அதில் மூன்றில் இரண்டு பங்கு வெள்ளத்தைத் தாங்கும் வேலைக்கானது.

மதிய உணவின்போது மச்சான் வேறொரு கணக்குச் சொன்னார். மூத்த மகளுக்கு வீடொன்று கட்டிக் கொடுக்க வேண்டும். வத்தளையில் ஒரு பேர்ச் காணியின் விலை கேட்கவே பயமாயிருக்கிறது. சதுப்போரத்தில் மண் நிரப்பிய பத்துப் பேர்ச் மலிவாக வந்திருக்கிறதாம். "எல்லாரும் நிரப்பித்தானே கட்டுறாங்க மாஸ்டர்" என்றார். அதில் பேராசை எதுவுமில்லை. மகளைக் கரைசேர்க்கத் தவிக்கும் ஒரு தகப்பனின் நியாயம் இருந்தது. ஆனால் 2016 மே மாத வெள்ளத்தில் இதே கூடத்தில் முழங்காலளவு தண்ணீர் நின்றதும், ராத்தா அல்மாரியைக் கற்களின் மேல் ஏற்றி வைத்ததும் எனக்கு நினைவிருக்கிறது.

நான் வாய்திறக்கும் முன் சின்னவள் கேட்டாள்: "வாப்பா, அங்க மண் போட்டா, அந்தத் தண்ணி எங்க போற?"

மச்சான் பதில் சொல்லவில்லை. பிசைந்த சோற்றைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மாதமாகியும் காணிக்கு முற்பணம் கொடுக்கவில்லை. வேண்டாமென்றும் சொல்லவில்லை என்று ராத்தா தொலைபேசியில் சொன்னார். மகளுக்கு வீடு வேண்டும், தண்ணீருக்கும் இடம் வேண்டும். இரண்டும் நியாயமான கேள்விகள். முதலாவதைக் கேட்க எல்லா வீட்டிலும் ஆளிருக்கிறது. இரண்டாவதைக் கேட்பதற்குப் பிள்ளைகளை ஒருமுறையேனும் அந்தச் சேற்றருகே கூட்டிப்போக வேண்டியிருக்கிறது.