லைட்டருக்குள் ஒரு கமரா

கறுப்பு வெள்ளைப் படம் என்றாலே எங்கட செட்டில் பாதிப்பேர் கொட்டாவி விடுவினம். அந்தப் பாதியையும் கடைசிவரை முழிச்சிருக்க வைத்த படம் 'ரோமன் ஹொலிடே'. 1953இல் வில்லியம் வைலர் இயக்கியது. ஓட்ரி ஹெப்பேர்னுக்கு ஹொலிவூட்டில் முதல் கதாநாயகி வேடம். அதற்கே சிறந்த நடிகைக்கான ஒஸ்கார் கிடைத்தது.

கதை சிம்பிள். ஆன் ஒரு இளவரசி. அரசமுறைப் பயணமாக ரோமுக்கு வருகிறாள். எத்தனை மணிக்கு யாரைச் சந்திப்பது, என்ன கதைப்பது எல்லாமே மற்ற ஆக்கள் போட்ட அட்டவணைதான். ஒரு நாள் இரவு பொறுக்க முடியாமல் கத்தி அழ, டொக்டர் நித்திரைக்கு ஊசி போடுகிறார். ஊசி வேலை செய்ய முதல் லொறியொன்றில் ஒளித்து வெளியே பாய்ந்துவிடுகிறாள். தெருவோரம் தூங்கி வழியும் அவளைக் காண்பவன் ஜோ பிராட்லி (கிறகரி பெக்), கையில் காசில்லாத ஒரு அமெரிக்கப் பத்திரிகையாளன். அடுத்த நாள் பேப்பரில் படத்தைப் பார்த்த பிறகுதான் அவனுக்கு விளங்குகிறது: தன் அறையில் படுத்திருப்பது 5000 டொலர் பெறுமதியான செய்தி!

பிறகெல்லாம் ஒரே கும்மாளம். தலைமுடியைக் கட்டையாக வெட்டுகிறாள், ஐஸ்கிறீம் குடிக்கிறாள், வெஸ்பாவில் ரோமையே கலக்கி பொலிஸ் வரைக்கும் போகிறாள். பொய் சொல்பவரின் கையைக் கடிக்குமாம் என்ற கல்முகத்தின் வாய்க்குள் ஜோ கையை விட்டு, கை போய்விட்டது போல நடிக்கும் இடத்தில் நாங்களும் ஆனோடு சேர்ந்து கத்தினோம். பக்கத்து அறை அக்காமார் வந்து கதவில் தட்டினவை.

ஆனால் சிரிப்புக்கு நடுவில் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. ஜோவின் கூட்டாளி ஏர்விங், சிகரெட் லைட்டருக்குள் இருக்கிற கமராவால் அவளுக்குத் தெரியாமல் படம் எடுத்துக்கொண்டே இருக்கிறான். இண்டைக்கு அந்த லைட்டர் எல்லார் கையிலும் இருக்கு. எங்கட பட்ச் பிள்ளை ஒருத்தி பஸ் ஹோல்ட்டில் நண்பனோடு சிரித்துக் கதைத்த படம், ஆர் நடத்துகிறார்கள் என்றே தெரியாத ஒரு பக்கத்தில் ஒரே இரவில் சுற்றியது. இரண்டு கிழமை அவள் லெக்சர்ஸுக்கு வரவில்லை. அதனால்தான் படத்தின் முடிவு எங்களுக்குப் பெரிதாகப் பட்டது. ஜோ செய்தியை விற்கவில்லை. கடைசிப் பத்திரிகையாளர் சந்திப்பில் ஏர்விங் எல்லாப் படங்களையும் ஒரு உறையில் போட்டு, ரோமின் நினைவுப்பொருள் என்று அவளிடமே கொடுத்துவிடுகிறான். காதல் சேரவில்லை. ஆனாலும் அவளுடைய அந்த ஒரு நாள் அவளுடையதாகவே இருந்துவிட்டது.

இந்தக் கதையை எழுதியவர் டோல்டன் ட்ரம்போ. படம் வந்தபோது அவர் பெயர் அதில் இல்லை. 1947இல் அமெரிக்கக் காங்கிரஸ் குழுவொன்று, கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தீர்களா என்று கேட்டபோது பதில் சொல்ல மறுத்த பத்துப் பேரில் அவரும் ஒருவர். சிறைக்குப் போனார்; ஹொலிவூட் அவரைக் கறுப்புப் பட்டியலில் போட்டது. கூட்டாளிகளின் பெயரைச் சொன்னால் வேலை, சொல்லாவிட்டால் இல்லை என்ற காலம். நண்பர் இயன் மக்லெலன் ஹன்ரர்தான் கதையைத் தன் பெயரில் விற்று, காசை அவரிடம் சேர்த்தார். கதைக்கான ஒஸ்காரும் ஹன்ரர் பெயருக்கே போனது.

'காட்டிக்கொடுக்கிறது' என்ற சொல்லின் பாரம் எங்கட வீடுகளில் வளர்ந்த ஆருக்கும் தெரியும். அப்படிப்பட்ட நாட்களில் ஒரு மனுசன், இன்னொருத்தியைக் காட்டிக்கொடுக்காத பத்திரிகையாளனைப் பற்றி, அதுவும் இவ்வளவு பகிடியாக எழுதியிருக்கிறார்.

ட்ரம்போ 1976இல் இறந்துபோனார். 1993இல்தான் அவருடைய ஒஸ்கார் மனைவியின் கைக்கு வந்தது. எழுத்தாளர் சங்கம் திரைக்கதையிலும் அவர் பெயரைச் சேர்க்க 2011 ஆகிவிட்டது. படத்தைப் பார்க்கிறவை, தொடக்கத்தில் வரும் பெயர்களைத் தள்ளிவிடாதேங்கோ. உங்களிட்ட இருக்கிற பிரதியில் ட்ரம்போ இருக்கிறாரா என்று ஒருக்காத் தேடிப்பாருங்கோ.