வில்லும் நாணும்

ஒரு குழந்தைக்குக் கணக்கு வராது என்று தீர்ப்புச் சொல்வதைப் போல் எளிதான காரியம் வேறில்லை. வீட்டார் சொல்கிறார்கள், சில சமயம் பள்ளிக்கூடமும் சொல்லிவிடுகிறது. ஓடைப்பட்டி போன்ற ஊரிலே அதன் விளைவு சிறிதன்று. பத்தாம் வகுப்புக்குப் பின் கணிதத்தைக் கைவிடும் பிள்ளைக்கு எஞ்சினீயரிங் முதலிய பல கதவுகள் அன்றே அடைபட்டுப் போகின்றன. அந்தத் தீர்ப்புக்குச் சாட்சியாக அடிக்கடி வந்து நிற்பது வட்டத்தைப் பற்றிய பாடம்.

வட்டத்தை நேர்கோடுகள் வெட்டும்போது உண்டாகும் கோணங்களுக்கு மூன்று விதிகள் சொல்வது வழக்கம். கோடுகள் வட்டத்தினுள்ளே சந்தித்தால், அவை எதிரெதிரே அடைக்கும் இரண்டு விற்களின் அளவையும் கூட்டிப் பாதியாக்க வேண்டும். பரிதியின் மேலேயே சந்தித்தால் எதிர் வில்லின் பாதி. வெளியே சந்தித்தால் பெரிய வில்லிலிருந்து சிறிய வில்லைக் கழித்துப் பாதியாக்க வேண்டும். இவற்றை மூன்று மந்திரங்களாக உருப்போட்ட பிள்ளை, பரீட்சையில் எங்கே கூட்டுவது, எங்கே கழிப்பது என்று மயங்குவதில் வியப்பென்ன?

நம் ஊர் விதையில்லாத் திராட்சைக்குப் பெயர் பெற்றது. பந்தலுக்குக் கம்பி இழுத்துக் கட்டுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்குக் கயிறும் முளையும் புதியவை அல்ல. ஆகவே கரும்பலகையை விட்டு மைதானத்துக்குச் சென்றோம். முளையடித்துக் கயிற்றால் பெரிய வட்டம் போட்டோம். பரிதியின் மேல் இருவரை அசையாமல் நிறுத்தி, எதிர்ப்புறத்தில் ஒரு மாணவியிடம் இரு கயிறுகளின் முனைகளையும் கொடுத்தோம். அவள் பரிதியின் மேல் நடந்தாள். கயிறுகளுக்கிடையே இருந்த கோணம் மாறவில்லை. ஓரிடத்துக்கு அளந்து வெட்டிய அட்டை எல்லா இடத்துக்கும் பொருந்திற்று. ஓரடி உள்ளே வந்தாள், கோணம் விரிந்தது. வெளியே சென்றாள், குறுகிற்று.

"ஐயா, வெளியே போனால் மட்டும் ஏன் கழிக்க வேண்டும்?" என்று கேட்டாள்.

விடை மண்ணிலேயே இருந்தது. எதிர் வில் 100 பாகை என்று கொள்வோம். அவள் பரிதியில் நிற்கையில் கோணம் 50 பாகை. உள்ளே வந்ததும் கயிறுகளைப் பின்னுக்கு நீட்டினால் முதுகுப்புறத்தில் ஒரு சிறு வில் அகப்படுகிறது. அது 40 பாகையானால் கோணம் 70. வெளியே போனதும் கயிறுகள் அவளுக்கு முன்னேயே சிறு வில்லொன்றை வெட்டுகின்றன. அதுவும் 40 பாகையானால் கோணம் 30. சிறு வில் பின்னால் இருந்தால் கூட்டல், பரிதியில் பூஜ்யம், முன்னால் வந்தால் கழித்தல். விதி ஒன்றே! நிரூபணமும் ஒன்றே: கோடுகள் வட்டத்தை வெட்டும் புள்ளிகளில் இரண்டை ஒரு நாணால் இணைத்து, முக்கோணத்தின் வெளிக்கோணம் எதிரேயுள்ள உட்கோணங்கள் இரண்டின் கூட்டுத்தொகை என்பதை நினைத்தால் போதும். தொடுகோடும் வேறு ஜாதியன்று. வெட்டுப்புள்ளிகள் இரண்டும் நெருங்கி ஒன்றாகிவிட்ட கோடுதான் அது.

இதற்கெல்லாம் அடிப்படையாகிய உண்மை, மையக்கோணம் பரிதிக்கோணத்தின் இரு மடங்கு என்பது. யூக்ளிடின் மூன்றாம் புத்தகத்தில் 20-ஆம் தேற்றம். கிரேக்கர் சொன்னது என்பதால் அது நமக்கு அந்நியமாகிவிடாது. 499-ல் ஆரியபடர் அரைநாண்களின் அட்டவணையை அமைத்தார். 'ஜ்யா' என்ற வடசொல்லுக்கு வில்லின் நாண் என்றே பொருள். அச்சொல் அராபியர் வழியாக ஐரோப்பாவை அடைந்து, இலத்தீனில் உருமாறி, இன்று 'சைன்' என்று நம் பிள்ளைகளிடமே திரும்பி வருகிறது. அறிவுக்குச் சுங்கச்சாவடி கிடையாது.

ஆனால் அறிவு வந்து தங்குவதற்குத் தாய்மொழியில் வீடு வேண்டும். 1916-ல் சேலத்தில் ராஜாஜி முதலியோர் விஞ்ஞானச் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென்று சங்கம் கண்டது இதன் பொருட்டே அன்றோ? வில், நாண், தொடுகோடு, வெட்டுக்கோடு என்ற சொற்களில் பாதிப் பாடம் அடங்கியிருக்கிறது. அவற்றைப் பொருள் உணராமல் ஒப்புவிக்கச் செய்தால், தமிழிலே கற்பித்தும் பயனில்லை.

ஆதலால் பெற்றோர்களே, உங்கள் பிள்ளைக்குக் கணக்கு வராது என்று சொல்லுமுன் ஒரு கயிறும் ஒரு முளையும் கொடுத்துப் பாருங்கள். தீர்ப்பைப் பிறகு எழுதலாம்.