"சரி" என்னும் சொல்லின் பின்னால்

மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்துக் காட்டினார் திருவள்ளுவர்: நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிலிருந்து பேணுபவர். இவற்றுள் நான்காவதைப் பற்றி நாம் சிந்திப்பது குறைவு. சிந்தித்தாலும், வலிக்காமல் ஊசி போடும் கை, காயத்தைப் பக்குவமாகக் கட்டும் கை என்று செவிலியரின் கையைத்தான் புகழ்கிறோம். அவருடைய நாவும் செவியும்கூட மருத்துவக் கருவிகள்தாம் என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

நம் பழந்தமிழ் அகப்பாடல்களில் வரும் செவிலித்தாயை நினைத்துப் பாருங்கள். தான் வளர்த்த பெண் மெலிந்து வாடுவதைக் காண்கிறாள், காரணம் அறியாள். வேலனை வரவழைத்து வெறியாட்டு எடுக்கிறாள். நோய் தீரவில்லை. தீராது, அது காதல் நோய். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு, அந்த உண்மையைத் தோழி செவிலிக்கு எடுத்துரைக்கும் நீண்ட பேச்சாகவே அமைந்திருக்கிறது. அந்தத் தாயிடம் அன்புக்குக் குறைவில்லை. ஆயினும், நோயின் காரணம் அவள் செவியை எட்டும்வரை அந்த அன்பு தவறான மருந்தையே தேடிக்கொண்டிருந்தது.

கடந்த ஆண்டு எங்கள் பங்கைச் சேர்ந்த செவிலிய மகள் ஒருத்தி வெளிநாட்டு வேலைக்காக ஓ.இ.டி. என்னும் ஆங்கிலத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளின் செவிலியர் பதிவு அமைப்புகள் ஏற்கும் தேர்வு அது. "ஃபாதர், எனக்குப் பயிற்சிக்கு ஒரு நோயாளி வேண்டும்" என்றாள். மாலை வேளைகளில் பங்கு இல்லத்துத் திண்ணையில் நான் நோயாளியானேன்.

அத்தேர்வின் பேச்சுப் பகுதியில் ஏறத்தாழ ஐந்து நிமிட நாடகங்கள் இரண்டு உண்டு. தேர்வு எழுதுபவர் செவிலியர். எதிரே இருப்பவர் நோயாளியாகவோ அவருடைய உறவினராகவோ நடிப்பார். 2018 முதல் உச்சரிப்புக்கும் இலக்கணத்துக்கும் மட்டுமல்லாமல், உரையாடும் பண்புக்கும் மதிப்பெண் தருகிறார்கள். தன்னை அறிமுகம் செய்துகொண்டாரா? நோயாளி தன் நோயைப் பற்றி என்ன நினைக்கிறார், எதற்கு அஞ்சுகிறார் என்று கேட்டறிந்தாரா? சொன்னது புரிந்ததா என்று சோதித்தாரா? இவையெல்லாம் அளக்கப்படுகின்றன.

பரிவை நடித்துப் பழகலாமா என்று சிலர் ஐயுறக்கூடும். எனக்கு அந்த ஐயம் எழவில்லை. குருமடத்தின் இறுதி ஆண்டில் எங்கள் பேராசிரியர் பாவ அறிக்கை செய்பவராக நடிப்பார். நாங்கள் குருவின் இருக்கையில் அமர்ந்து கேட்டுப் பழகுவோம். எப்போது பேசவேண்டும், எப்போது மௌனம் காக்கவேண்டும், எந்தக் கேள்வி புண்ணைக் கிளறும், எது ஆற்றும் என்பவற்றை நடித்தே கற்றோம். ஒப்புரவு அருளடையாளத்தின் அருள் இறைவனிடமிருந்து வருகிறது. கேட்கும் முறையை மனிதன் பயின்றே ஆகவேண்டும்.

மூன்றாம் நாள் அவளிடம், "இதையே தமிழில் செய்து காட்டம்மா" என்றேன். சற்றுத் தடுமாறினாள். ஆங்கிலத்தில் தடையின்றி வந்த கேள்விகள் தமிழில் வரவில்லை. "படுங்க, கையை நீட்டுங்க, வாயைத் திறங்க, அழாதீங்க" என்று ஏவல் சொற்களே வந்தன. அவளே சிரித்துவிட்டு, "வார்டில் எங்களுக்கு இந்தத் தமிழ்தான் பழக்கம், ஃபாதர்" என்றாள். அவள் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கு எங்கள் ஊர் மூதாட்டி ஒருவரின் நினைவு வந்தது.

ஆர்.கே.பேட்டை நெசவாளர்களின் ஊர். 1960-இல் திருத்தணிப் பகுதி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது எல்லைக்கோடு மாறியது, வீட்டுமொழி மாறவில்லை. இன்றும் பல வீடுகளில் அடுப்படியில் தெலுங்கு, கடைத்தெருவில் தமிழ். வலி வந்தால் நாவில் எழுவது அடுப்படி மொழியே. வலியை "நொப்பி" என்பார்கள்; எரிச்சலை "மண்ட" என்பார்கள். தமிழிலேயே குத்தல், குடைச்சல், உளைச்சல், இழுப்பு என ஒவ்வொரு வலிக்கும் தனிச்சொல் உண்டு. ஒவ்வொன்றும் மருத்துவருக்கு ஒரு துப்பு. விசைத்தறியின் இரைச்சலில் பல்லாண்டு நின்றவர்களுக்கோ காது மந்தம். பக்கவாட்டில் நின்று, முகக்கவசத்துக்குள்ளிருந்து, விரைந்து சொல்லப்படும் அறிவுரையில் பாதி காற்றோடு போய்விடும். கேட்கவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, அவர்கள் தலையசைத்துவிடுவார்கள்.

அந்த மூதாட்டியும் அப்படித்தான் தலையசைத்தார். கணவரை இழந்தவர், தறியே துணை. இரத்த அழுத்தத்துக்காக ஒரு மருத்துவமனையில் சில நாள் இருந்து வீடு திரும்பினார். ஒரு மாதத்து மாத்திரையைக் கொடுத்து, உண்ணவேண்டிய முறையைத் தமிழில் சொல்லி, "புரிந்ததா பாட்டி?" என்று கேட்டிருக்கிறார்கள். "சரேம்மா" என்றிருக்கிறார். மாத்திரை தீர்ந்தது, அதோடு வைத்தியமும் முடிந்தது என்று அவர் எண்ணிக்கொண்டார். தலைவலியும் இல்லை, பிறகு எதற்கு மருந்து? மூன்றாம் மாதம் பக்கவாதம் தாக்கியது. மருந்தை நிறுத்தியது ஒரு காரணம் என்று மருத்துவர் சொன்னார். நாடா எறிந்த வலக்கை இன்று மடியில் கிடக்கிறது. நற்கருணை கொண்டு செல்லும்போதெல்லாம் அவர், "நான் சரின்னுதான் சொன்னேன், சாமி" என்கிறார்.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை. கடமை தவறவும் இல்லை. நோய் கண்டறிந்தது சரி; மருந்தும் சரி. "புரிந்ததா?" என்ற கேள்விக்கு நம் மக்களிடம் ஒரே விடைதான் உண்டு. படித்தவர் முன் "புரியவில்லை" என்று சொல்வது மரியாதைக் குறைவு என்று வளர்க்கப்பட்டவர்கள் அவர்கள். மாறாக, "வீட்டுக்குப் போய் இந்த மாத்திரையை எப்படிச் சாப்பிடுவீர்கள், எத்தனை நாளைக்கு? எனக்கு ஒருமுறை சொல்லுங்கள், பாட்டி" என்று கேட்டிருந்தால் பிழை அங்கேயே வெளிப்பட்டிருக்கும். சொன்னதை நோயாளியின் வாயாலேயே திருப்பிச் சொல்லவைக்கும் இந்த முறையை இன்று உலகெங்கும் செவிலியர்க்குக் கற்பிக்கிறார்கள். அதற்கு ஒரு நிமிடம் போதும்.

இத்தகைய பாடங்கள் புதியவை அல்ல. நைட்டிங்கேல் அம்மையார் 1859-இல் வெளியிட்ட செவிலியம் பற்றிய நூலில், வெற்று நம்பிக்கை வார்த்தைகளையும் கேளாத அறிவுரைகளையும் நோயாளியின்மேல் கொட்டுபவர்களைக் கண்டிக்கத் தனி அதிகாரமே ஒதுக்கினார். நோயாளியின் பார்வைக்கு நேரே அமர்ந்து பேசவேண்டும், அவர் அறையில் கிசுகிசுக்கக் கூடாது என்றும் அறிவுறுத்தினார். "ஒன்றும் ஆகாது, பயப்படாதீர்கள்" என்று சொல்லிவிட்டு வாசலில் நின்று குசுகுசுக்கும் உறவினர்களாகிய நமக்கும் இது பொருந்தும்.

நமக்கு அண்மையில் உள்ள இராணிப்பேட்டையில் 1870-இல் பிறந்தவர் ஐடா ஸ்கடர். இளமையில் திண்டிவனத்தில் ஒரே இரவில், பிரசவ வேதனையில் இருந்த மூன்று பெண்களின் வீட்டார் அவரைத் தேடி வந்தனர். ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்ற வழக்கத்தால் அவருடைய தந்தையின் உதவியை அவர்கள் ஏற்கவில்லை. மூன்று பெண்களும் இறந்தனர். ஐடா மருத்துவராகி 1900-இல் திரும்பிவந்து வேலூரில் பணி தொடங்கினார். 1909-இல் செவிலியர் பயிற்சியையும் தொடங்கினார். அந்த இரவில் மருத்துவர் இருந்தார். ஆனால் நோயாளிக்கும் மருத்துவத்துக்கும் இடையே நின்று இருவருக்கும் உறவாகக்கூடிய ஒரு பெண் இல்லை. செவிலியர் அந்த இடைவெளியில் நிற்கிறவர்.

இங்கிலாந்தில் கேட் கிரேஞ்சர் என்ற இளம் மருத்துவர் புற்றுநோயால் படுத்தபோது, தம்மைக் கவனிக்க வந்த பலர் தம் பெயரைக்கூடச் சொல்லவில்லை என்பதைக் கண்டார். ஒவ்வொருவரும் முதலில் தம் பெயரைச் சொல்லவேண்டும் என்று 2013-இல் ஓர் இயக்கம் தொடங்கினார், 2016-இல் இறந்தார். நம் செவிலியர்க்கு "பாட்டி, ஐயா, அம்மா" என்ற உறவுமுறைகள் உள்ளன, அது பெருஞ்செல்வம். ஆனால் வார்டில் பத்துப் பாட்டிகள் இருக்கையில், பெயர் சொல்லிக் கேட்பதே மருந்து மாறாமல் காக்கும். உறவும் வேண்டும், பெயரும் வேண்டும்.

இரவு முழுவதும் ஒரு வார்டையே ஒருத்தியாகப் பார்க்கும் செவிலியிடம் போய் அன்பாகப் பேசு என்று உபதேசிப்பது எளிது. போதிய செவிலியரை நியமிக்காத நிர்வாகத்துக்கு அந்த உபதேசம் ஒரு திரையாகிவிடக் கூடாது. கேட்பதற்கு நேரம் வேண்டும். நேரத்துக்கு ஆள் வேண்டும்.

இன்னொன்றும் என் நெஞ்சை அரிக்கிறது. கடன் வாங்கிப் படித்த நம் பெண்கள் கடல் கடந்து போவதில் பிழையில்லை. ஆனால் "உங்கள் கவலை என்ன?" என்று கேட்கும் கலையை அவர்கள் அந்நிய மொழியில், அந்நிய மண்ணின் முதியவருக்காக மட்டும் கற்பது நியாயமா? அந்தக் கேள்வி நம் தமிழிலும், எல்லையோரத்துத் தெலுங்கிலும் பழகவேண்டாமா? செவிலியர் பள்ளிகள் நடத்தும் நம் துறவற சபைகள் இதைத் தொடங்கலாம். ஒரு நாற்காலி, நோயாளியாக நடிக்க ஊர்ப் பெரியவர் ஒருவர், மாலையில் அரைமணி நேரம், வேறு செலவில்லை.

எரிகோவில் வழியோரம் இருந்த பர்த்திமேயுவுக்கு என்ன தேவை என்பது கூடியிருந்த எல்லாருக்கும் தெரியும். ஆண்டவருக்கும் தெரியும். ஆயினும் அவர் நின்று, அவனையே கேட்டார். அவன் தன் வாயால் சொன்ன பின்னரே பார்வை தந்தார். நலம் தருமுன் அவனுக்குக் குரல் தந்தார்.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஏற்படுத்திய உலக நோயாளர் நாளை 1993 முதல் பிப்ரவரி 11 அன்று கொண்டாடி வருகிறோம். பழம், ரொட்டியோடு நோயாளரைச் சந்திக்கிறோம், நல்லது. இனி, இரு மொழியும் அறிந்த இளைஞர் ஒருவரை முதியவரோடு மருத்துவமனைக்குத் துணையனுப்புங்கள். கேட்கவேண்டியவற்றை முன்னிரவே ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். செவிலியர் சொன்னதை, அவர் கேட்காவிட்டாலும், நீங்களே திருப்பிச் சொல்லுங்கள்: "அம்மா, நான் புரிந்துகொண்டது இது, சரிதானா?" பிழையிருந்தால் அவர் அங்கேயே திருத்துவார். அதைச் செய்யாமல், "சரி" என்ற ஒற்றைச் சொல்லோடு மருத்துவமனைப் படியை விட்டு இறங்காதீர்கள்.