வாளிக் கணக்கு

கட்டுமரத்திற்கு ஒழுக்கு என்னும் நோய் கிடையாது. மரங்களைச் சேர்த்துக் கயிற்றால் கட்டியது அது. அலை மேலே ஏறினால் இடுக்குகளின் வழியே தானே இறங்கிவிடும். நீரை வெளியே நிறுத்தி வைக்க வேண்டிய கவலை, குழிந்த வயிறுடைய படகோடு சேர்ந்துதான் எங்கள் கரைக்கு வந்தது. நாகைக்குத் தெற்கே உள்ள எங்கள் சிற்றூரில் 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை அடித்துப் போனபின், நிவாரணமாகவும் கடனாகவும் வந்தவை பெரும்பாலும் கண்ணாடி இழைப் படகுகளே. ஊர் வழக்கில் அவை பைபர் படகுகள். ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கில் வேண்டியிருந்தமையால் அவசரத்தில் கட்டப்பட்டவை பல. தரம் குறைந்தவையும் அவற்றுள் இருந்தன.

இவ்விதழைப் படிக்கும் குடும்பங்களுள் கடற்கரை ஊர்களைச் சேர்ந்தோர் சிலரேனும் இருப்பர். "படகு ஒழுகுகிறது, பணம் அனுப்பு" என்று ஊரிலிருந்து தொலைபேசி வரும்போது, கரக்பூரிலோ கொல்கத்தாவிலோ அமர்ந்துகொண்டு என்ன செய்வது என்று திகைப்போர்க்குப் பயன்படலாம் என்றே இதனை எழுதுகிறோம்.

எங்கள் அண்ணனின் படகு 28 அடி நீளம்; பிறர் கையிலிருந்து வாங்கியது. அண்ணனும் எங்கள் தமக்கையின் மகனும் வேறு இருவரும் அதில் தொழிலுக்குப் போகிறார்கள். சென்ற ஆண்டு மாசி மாதத்தில் நீர் ஏறத் தொடங்கியது. பின்பக்கத்தில், இயந்திரம் மாட்டியிருக்கும் பலகையின் அடியில், நீர் தேங்கி நின்றது. அங்கே தேங்கினால் அங்கேதான் ஓட்டை என்று எல்லோரும் தீர்மானித்தார்கள். கடையில் விற்கும் இருகூட்டுப் பசையை மரையாணிகளைச் சுற்றி மூன்று முறை அப்பினார்கள். மூன்று முறையும் நீர் நின்றபாடில்லை.

தமக்கைதான் எங்களைத் தொலைபேசியில் அழைத்தார். அத்தானை 2004 இல் கடலுக்குக் கொடுத்தவர் அவர். மகனுக்கு இப்போது 22 வயது. "அந்தத் தண்ணி நிக்கிற வரைக்கும் என் பிள்ளையை அனுப்ப மாட்டேன் தம்பி. நீ சொன்னால்தான் அண்ணன் கேட்கும்" என்றார். அண்ணனோ, ஓர் ஆள் குறைந்தால் வலை இழுப்பது எப்படி, கடனுக்குத் தவணை கட்டுவது எப்படி என்று கேட்டார். இருவர் சொல்வதும் நியாயமாகவே இருந்தது.

பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு ரயில்வே அலுவலகத்தில் பேரேடுகளோடு வாழ்பவர்கள் நாங்கள். எங்களுக்குத் தெரிந்தது கணக்கு ஒன்றே. ஆகவே அண்ணனிடம் நாள்தோறும் இறைக்கும் வாளிகளை எண்ணிச் சொல்லும்படி கேட்டுக்கொண்டோம். "மீன் கணக்குப் பார்க்கவே நேரமில்லை. இதில் வாளிக் கணக்கு வேறா?" என்று அவர் சிரித்தார். ஆயினும் சொன்னார். அலை உள்ளே தெறிக்காத அமைதியான நாட்களை மட்டும் எடுத்துக்கொண்டு பதினைந்து நாள் கணக்கு எழுதினோம். முகத்துவாரத்தில் வெறுமனே கட்டி நிறுத்திய இரவுகளில் அரை வாளிகூடத் தேறவில்லை. இயந்திரம் ஓடி, வலையும் ஐஸ் பெட்டியும் மீனும் ஏறிவந்த நாட்களில் ஆறு, ஏழு, ஒரு நாள் ஒன்பது வாளி.

இதிலிருந்து ஒன்று தெளிவாயிற்று. எப்போதும் திறந்திருக்கும் துளையாயின் படகு சும்மா நிற்கும்போதும் நீர் அதே அளவில் ஏற வேண்டும். பாரம் ஏறி, அலையில் அடிவயிறு நெளியும்போது மட்டும் வாய் திறக்கும் விரிசலாகவே இது இருக்க வேண்டும். ஓடும் படகின் பின்புறம் தாழ்ந்து இருப்பதால், நீர் எங்கே நுழைந்தாலும் பின்னால்தான் வந்து சேரும். தேங்கும் இடம் வேறு, நுழையும் இடம் வேறு. கூரை ஒழுகும் வீட்டில் குடியிருந்த எவர்க்கும் இது புதிய செய்தியன்று.

சித்திரையில் 12 நாள் விடுப்பில் ஊர் சென்றோம். படகை மேட்டில் ஏற்றி, இயந்திரத்தைக் கழற்றி, மணல் மூட்டைகளின் மேல் உட்கார வைத்து, உள்ளும் புறமும் நன்னீரால் கழுவித் துடைத்தோம். குறுக்குச் சட்டங்களின் அடியில் நீர் ஓடும் துளைகளைக் களிமண்ணால் அடைத்ததும் ஒவ்வொரு பகுதியும் தனித் தொட்டியாயிற்று. வெளிப்புறம் அடிமுழுதும் சுண்ணப்பொடி தூவித் தேய்த்தோம். பிறகு துணிக்குப் போடும் சொட்டு நீலம் கலந்த நீரைப் பகுதிக்கு இரண்டு வாளியாக ஊற்றினோம். நிறைய ஊற்றக் கூடாது. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ எடை. கடல் வெளியிலிருந்து தாங்கும் வயிற்றை உள்ளிருந்து அழுத்தினால் நல்ல இடமும் பிளக்கும்.

பின்பகுதி உலர்ந்தே இருந்தது. நடுப்பகுதியில், கரையேற்றும்போது மணலில் உராயும் அடிமுதுகில், கால் மணி நேரத்தில் ஒரு சாண் நீளத்திற்கு நீலக் கோடு தெரிந்தது. மருமகன்தான் முதலில் கண்டான். "மாமா, பேனாவில் கோடு போட்ட மாதிரி இருக்கு" என்று கூவினான்.

கண்ணாடி இழைப் படகின் உடம்பை வைக்கோல் சேர்த்த மண்சுவர்க்கு ஒப்பிடலாம். இழைப்பாய் வைக்கோல், ரெசின் மண். இரண்டும் பிரிந்தால் வலிமை போயிற்று. கண்ணுக்குத் தெரியும் விரிசலைவிடப் பிரிவு நீண்டிருக்கும். ஒரு நாணயத்தால் தட்டிப் பார்த்தோம். நல்ல இடம் கணீரென்றது. கெட்ட இடம் சொத்தைத் தேங்காய்போல் ஒலித்தது. சொத்தை ஒரு முழ நீளம் இருந்தது. சுண்ணக்கட்டியால் எல்லை வரைந்து, தேய்ப்பு இயந்திரத்தால் வெளுத்த இழை முழுவதையும் அகற்றினோம். அகற்றியபின் கண்டது எங்கள் நெஞ்சைச் சுட்டது. மிகத் தடிமனாக இருக்க வேண்டிய அடிமுதுகில், பக்கச்சுவர் அளவுக்குக்கூட இழைப்பாய் இல்லை. கட்டிய கூடம் இன்று இல்லை. யாரிடம் போய்க் கேட்பது?

தேய்க்கும்போது முகமூடியும் கண்ணாடியும் கட்டாயம் வேண்டும். கண்ணாடித் தூள் தோலில் பட்டால் அரிக்கும். மூச்சில் போனால் கேடு. குழியின் விளிம்பைச் செங்குத்தாக விடாமல் சரிவாகத் தேய்ப்பதே இவ்வேலையின் உயிர். உடம்பின் தடிமன் 5 மில்லிமீட்டராயின், சரிவு அதைப்போல் 12 மடங்கு, அஃதாவது 60 மில்லிமீட்டர், ஏறக்குறைய மூன்று விரல் அகலம், சுற்றிலும் இருக்க வேண்டும். அந்தச் சரிவில்தான் புதியது பழையதைப் பற்றிக்கொள்கிறது.

இதன்பின் வந்ததுதான் பெரிய சண்டை. உலரவிட வேண்டும் என்றோம் நாங்கள். ஒரு நாள் வெயில் போதும் என்றார் அண்ணன். "ரெசின் சூட்டில் ஈரம் தானே போய்விடும்" என்று உறவினர் ஒருவர் ஒத்து ஊதினார். ஈரத்தின்மேல் ரெசின் பிடிக்காது. பிடித்தாற்போல் தோன்றிப் பின்னர் உரியும். உப்பு இருந்தால் அது காற்றின் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். வாய்ச்சண்டையில் தீராது என்று கண்டு, குழியின்மேல் கண்ணாடித்தாள் விரித்து, ஓரங்களை ஒட்டி, வெயிலில் விட்டோம். மாலையில் தாளின் உட்புறம் முத்துமுத்தாக வியர்த்திருந்தது. அண்ணன் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் பீடி பற்ற வைத்துக்கொண்டு போனார். மறுபடியும் நன்னீர் ஊற்றிக் கழுவினோம். நான்காம் நாள் மாலை தாள் வியர்க்கவில்லை.

ஒட்டும் வேலை ஒரு காலைப்பொழுதில் முடிந்தது. நண்பகலில் ரெசின் கிண்ணத்திலேயே இறுகிவிடும். ஆகவே விடிந்ததும் தொடங்கி, அரைக் கிலோ அரைக் கிலோவாகக் கலந்தோம். கெட்டியாக்கும் நீர்மம் கிலோவுக்கு 10 முதல் 20 கிராம்; மருந்து ஏற்றும் ஊசிக்குழலால் அளந்தோம். அது கண்ணில் பட்டால் பார்வை போகக்கூடும். கோபால்ட் எனப்படும் ஊதா நீர்மத்தோடு அதனை நேரே சேர்த்தால் வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்கு கலக்கிய பிறகே மற்றதைச் சேர்க்க வேண்டும். இதனை அங்கே நின்ற சிறுவர்களுக்கும் சொல்லி விலக்கினோம். அசிட்டோனால் துடைத்து, ஒன்றைவிட ஒன்று சற்றுப் பெரிதாக வெட்டிய 450 கிராம் இழைப்பாய்களை அடுக்கினோம். அவ்வகைப் பாய் ஒன்று ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிமன் தரும். ஐந்து போதும், அடிமுதுகின் மெலிவை நினைத்து ஏழு போட்டு, முன்னும் பின்னும் நீட்டினோம். உள்ளிருந்தும் இரண்டு. ஒவ்வொன்றையும் உருளையால் உருட்டிக் காற்றுக் குமிழிகளை ஓட்டுவது மருமகன் வேலை. அவன் கை எங்கள் கையைவிடத் திறமானது.

இரண்டு நாள் கழித்துப் படகை இறக்கினார்கள். முதல் ஓட்டத்திற்கு மருமகன் போகவில்லை, தமக்கை விடவில்லை. வேண்டுமென்றே மணல் மூட்டைகளைப் பாரமாக ஏற்றி, மூன்று மணி நேரம் ஓட்டித் திரும்பினோம். தமக்கை முழங்காலளவு நீரில் வந்து, படகின் விளிம்பைப் பிடித்து ஏறி, நடுப்பகுதியிலும் பின்பகுதியிலும் முந்தானையால் அடியை ஒற்றிப் பார்த்தார். முந்தானை நனையவில்லை. சிறிது நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார். பின்னர் அண்ணனைப் பார்த்து, "நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்புறீங்க?" என்று கேட்டார்.

வாளிக் கணக்கை இப்போது மருமகனே எழுதி வாரந்தோறும் அனுப்புகிறான். பெரும்பாலும் சுழி, காற்று நாட்களில் தெறித்து விழும் ஒன்று அல்லது இரண்டு. ஆனால் முன்பக்கத்தில் மிதப்பதற்காக நுரை அடைத்து மூடிய அறை ஒன்று உண்டு. அங்கே தட்டினால் ஒலி மந்தமாக இருக்கிறது. படகும் இருக்க வேண்டியதைவிடக் கனமாக இருக்கிறது. நுரை நீரைக் குடித்திருக்கலாம். ஐப்பசி மழையில் அதைத் திறந்து உலர்த்த இயலாது. வருகிற சித்திரைக்கு இப்போதே விடுப்பு விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.