இரங்கற்குறிப்பின் கடைசி வரி

அமெரிக்கச் சிற்றூர் நாளிதழ்களின் இரங்கற்குறிப்புகளில், இரண்டாம் உலகப் போரில் பணியாற்றிய தலைமுறையினரின் வாழ்க்கை பெரும்பாலும் ஒரே வரிசையில் சொல்லப்படுகிறது: முதலில் படைப்பிரிவு, அடுத்து காப்பீடோ காரோ விற்ற தொழில், இறுதியில் சிறுவர் பேஸ்பால் அணிக்குப் பயிற்சியாளராக இருந்தார் என்னும் ஒற்றை வரி. அம்மனிதர் யாரும் பணிக்காமல், ஊதியமும் பெறாமல், தாமே விரும்பி மாலைப்பொழுதுகளைக் கொடுத்தது அந்தக் கடைசிப் பணிக்கே என்பதால், இவ்வரிசை பொருத்தமானதன்று.

லிட்டில் லீக் எனப்படும் சிறுவர் பேஸ்பால் அமைப்பை, பென்சில்வேனியா மாநிலத்து வில்லியம்ஸ்போர்ட் நகரில் 1939-இல் தொடங்கியவர் கார்ல் ஸ்டாட்ஸ். ஓடுபவர் தொட்டுச் செல்லும் நிலைகளான பேஸ்களுக்கு இடையே பெரியவர்களின் ஆட்டத்தில் 90 அடி இருக்க, அவர் அதைச் சிறுவர் கால்களுக்கேற்ப 60 அடியாகக் குறைத்தார். ஆதரவு கேட்டு அவர் ஏறி இறங்கிய நிறுவனங்களில் ஐம்பதுக்கும் மேற்பட்டவை கைவிரித்த பிறகே ஒரு பால் நிறுவனம் இசைந்தது. 1946-இல் பென்சில்வேனியாவுக்குள் 12 லீக்குகளாக இருந்த அமைப்பு, 1949-இல் 300-ஐத் தாண்டியது. போர் முடிந்து வீடு திரும்பியவர்களுக்குக் கல்வியும் வீட்டுக்கடனும் எளிதாகும்படி 1944-ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்திருந்தது. புறநகர்கள் எழுந்தன, பிள்ளைகள் பெருகினர், அவர்களைத் திடலுக்கு அழைத்துச்செல்லத் தந்தையரும் இருந்தனர்.

அத்தந்தையருள் விற்பனையாளருக்கு இப்பணி சிறப்பாகப் பொருந்தியது. கடை கடையாகச் செல்பவர் நாள்தோறும் பல இடங்களில் ‘வேண்டாம்’ என்ற சொல்லைக் கேட்டும் முகம் மாறாமல் அடுத்த படியேறப் பழகியவர். பேஸ்பாலிலோ, பத்து வாய்ப்புகளில் மூன்றில் பந்தை அடித்துப் பாதுகாப்பாக முதல் பேஸை எட்டுபவரே தேர்ந்த மட்டையாளராக மதிக்கப்படுகிறார். எஞ்சிய ஏழு முறையும் வெறுங்கையோடு திரும்பும் பத்து வயதுப் பையனைத் தேற்றி மீண்டும் மட்டை பிடிக்கச் செய்வதே பயிற்சியாளரின் முதல் வேலை.

அவர் தரத்தை அறிய, வலப்புற வெளிக்களத்தைப் பார்த்தால் போதும். வலக்கை மட்டையாளர்களே மிகுதி, அவர்கள் பந்தைப் பெரும்பாலும் இடப்பக்கமாக இழுத்து அடிப்பார்கள் என்பதால், பந்து அரிதாக வரும் அம்மூலையில் ஆட்டம் கைவராத பையனை நிறுத்துவது வழக்கம். வெற்றியையே குறியாகக் கொண்ட பயிற்சியாளர்கள் இருந்தார்கள். அவர்கள் அவனை அங்கேயே மறந்துவிட்டார்கள். நல்லவரோ, மற்றவர்கள் வீடு திரும்பிய பின்னும் அவனை நிறுத்திக்கொண்டு, ஃபங்கோ எனப்படும் நீண்டு மெலிந்த பயிற்சி மட்டையால் பந்தை உயரத் தட்டிவிட்டு, அது அவன் கையுறையில் அடங்கும்வரை மீண்டும் மீண்டும் தட்டுவார். புதுக் கையுறையின் முரட்டுத் தோலில் எண்ணெய் தடவி, பந்தை உள்ளே வைத்துக் கயிற்றால் இறுக்கி ஓர் இரவு விட்டால் அது கைக்கு வசப்படும் என்பதையும் அவரே கற்றுக்கொடுப்பார். போரைப் பற்றி வீட்டிலும் வாய் திறக்காதவர்கள் அத்தலைமுறையில் பலர். திடலில் மட்டும் அவர்கள் தாராளமாகப் பேசினார்கள்.

முன்னாள் படைவீரர் இறந்தால், குடும்பம் கேட்கும்போது, சீருடையணிந்த இருவரேனும் வந்து தேசியக் கொடியை முக்கோணமாக மடித்துக் கொடுப்பதும், 24 சுரங்கள் கொண்ட ‘டாப்ஸ்’ என்னும் இசை ஒலிப்பதும் 2000-ஆம் ஆண்டு முதல் சட்டப்படியான கடமையாகும். அம்மரியாதை அவருக்கு உரியதே. எனினும் இரங்கற்குறிப்பு எழுத அமரும் மகனோ மகளோ, அவரிடம் ஆடிய பையன்களில் ஒருவரையாவது தேடிக் கேட்டுவிட்டு எழுதட்டும். பயிற்சியாளர் என்பதை முதல் வரியிலேயே எழுதட்டும்.