ஏணியை எடுத்துட்டாங்க

எங்க ஊர்ல கால்பந்துன்னு சொன்னா, "அது கேரளாக்காரங்க ஆடுறதுல்ல?" அப்படின்னுதான் கேப்பாங்க. பொன்னமராவதியில விளையாட்டுன்னா கிரிக்கெட், கபடி, தை பொறந்துட்டா மஞ்சுவிரட்டு. இதுக்கு நடுவுல ஐ-லீக், ஐஎஸ்எல், கால்பந்து கூட்டமைப்புன்னு புலம்பிக்கிட்டுத் திரியற ஒரே ஜீவன் அடியேன்தான். கொன்னையூர் பூச்சொரிதல் கூட்டத்துல கூட, "என்னண்ணே, உங்க பந்து டீம் என்னாச்சு?"ன்னு கேட்டு வெறுப்பேத்துறதுக்குன்னே நாலு பேர் இருக்காங்க.

என்னாச்சுன்னு ஒரே வரியில சொல்ல முடியாத கதை அது. அதான் இங்க கொட்டிடலாம்னு...

டீம் பேரு சென்னை சிட்டி. பேருதான் சென்னை, சொந்த மைதானம் கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியம். (இதைச் சொன்னாலே பாதி பேர் சிரிச்சுட்டுப் போயிடுவாங்க, நீங்க இருங்க.) ஐஎஸ்எல்ல ஆடுற சென்னையின் எஃப்சி வேற, இது வேற. 2016-17ல ஐ-லீக்குக்கு வந்தாங்க. முதல் ரெண்டு சீசனும் பட்டியல்ல கீழ்ப்பாதியிலதான் கிடந்தாங்க. மூணாவது சீசனுக்கு சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் பயிற்சியாளர். முன்னாடி பெட்ரோ மான்சி, நெஸ்டர், சாண்ட்ரோன்னு வெளிநாட்டு ஆளுங்க. கூடவே எட்வின், ரொமாரியோ, அஜித்குமார்னு நம்ம பசங்க. பந்தை உயரத் தூக்கி அடிச்சுட்டு பின்னாடி ஓடுற ஆட்டம் இல்லை. தரையோட தரையா, காலுக்குக் கால் கொடுத்து ஆடுவாங்க. மான்சி மட்டும் அந்த சீசன்ல 21 கோல். பாக்கணுமே... கண்ணுக்கு அவ்வளவு குளிர்ச்சியா இருக்கும்.

2019 மார்ச் 9, சனிக்கிழமை. கடைசி ஆட்டம், எதிர்ல மினர்வா பஞ்சாப், அதாவது முந்தின வருஷ சாம்பியன். அதே நேரத்துல கோழிக்கோட்டுல கோகுலம் கூட ஈஸ்ட் பெங்கால் ஆடுது. நாம ஜெயிச்சா கோப்பை நமக்கு. சறுக்கினா, அங்க ஜெயிச்சு கோப்பையைத் தட்டிக்கிட்டுப் போக அவங்க தயாரா நிக்கிறாங்க. எனக்குக் கடையை விட்டு நகர முடியாத நாள். கோவையில வேலை பாக்குற சித்தப்பா பையன் ஸ்டேடியத்துல இருந்தான். அவன்தான் போன்ல கமெண்ட்ரி.

ஆரம்பத்துலயே மினர்வா ஒரு கோல் போட்டுட்டான். "அண்ணே, போச்சுண்ணே"ன்னு போனை வச்சுட்டான். அப்புறம் இடைவேளை முடியற வரைக்கும் போனே இல்லை. இரண்டாம் பாதியில மான்சி பெனால்டி, 1-1. அதுக்கப்புறம் வந்த போன்ல ஒரே இரைச்சல், ஒண்ணும் புரியலை, ஆனா விஷயம் புரிஞ்சு போச்சு. கௌரவ் போரா அடிச்சிருந்தான். பின்காப்பு ஆட்டக்காரன்! கடைசி நேரத்துல இன்னொண்ணும் அவனே போட, 3-1. அந்தப் பக்கம் ஈஸ்ட் பெங்காலும் ஜெயிச்சுது. ஆனா நமக்கு 43 புள்ளி, அவங்களுக்கு 42. கடைக்கு வந்த எல்லாருக்கும் டீ என் கணக்குல. எதுக்குன்னு ஒருத்தருக்கும் தெரியாது :-)

தமிழ்நாட்டு டீம் ஒண்ணு ஐ-லீக் பட்டத்தை வாங்கினது அதுதான் முதல் தடவை. சுவிட்சர்லாந்துலேர்ந்து பாசல் கிளப் 26 சதவீதப் பங்கை வாங்கியிருந்தது. இனிமே ஏறுமுகம்தான்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்.

இப்போ மேட்டருக்கு வருவோம்.

ஐஎஸ்எல்னு ஒண்ணு 2014ல எட்டு டீமோட, ரெண்டரை மாசத்துல முடியற திருவிழா மாதிரிதான் ஆரம்பிச்சது. நாட்டோட முதல் லீக்னா அது ஐ-லீக்தான். 2017-18லேர்ந்து ரெண்டும் ஒரே சமயத்துல நடந்துச்சு. சென்னை சிட்டி ஜெயிச்சு சரியா நாலு மாசம். 2019 ஜூலையில கூட்டமைப்போட செயற்குழு கூடி, இனிமே ஐஎஸ்எல்தான் முதல் லீக்னு முடிவெடுக்குது. அக்டோபர்ல ஆசியக் கூட்டமைப்பும் தலையாட்டிடுச்சு. ஐ-லீக்ல ஜெயிச்சா மேல போகலாமான்னு கேட்டா, போகலாம், ஆனா 2022-23 சீசன் முடிஞ்ச பிறகுதான்னு பதில்.

இப்போ ஜெயிச்சவன் என்ன பண்றது? அடுத்த மூணு வருஷம் யார் ஜெயிச்சா என்ன?

இதுல காமெடி என்னன்னா, 2019-20ல ஐ-லீக் பட்டம் மோகன் பகானுக்கு. 2020ல அவங்க மேல போயிட்டாங்க. எப்படி? ஏற்கனவே ஐஎஸ்எல்ல இருந்த ஏடிகே கூட சேந்து. அதே வருஷம் ஈஸ்ட் பெங்காலும் முதலீட்டாளர் துணையோட உள்ள போயாச்சு. 43 புள்ளி எடுத்தவனுக்குத் திறக்காத கதவு 42 எடுத்தவனுக்குத் திறந்துச்சு. கல்கத்தா ரசிகர்கள் மேல எனக்குக் கோபம் இல்லை. நூறு வருஷக் கிளப், லட்சக்கணக்குல கூட்டம், அவங்களை வெளிய வச்சுட்டு ஒரு லீக் நடத்த முடியாதுதான். ஆனா ஆட்டத்துல எடுத்த புள்ளிக்கு மேல போறதுல ஒரு பங்கும் இல்லைன்னா, எதுக்குங்க புள்ளிப் பட்டியல்?

எங்க பக்கம் கோவில் திருவிழாவுக்கு மின்னொளி கபடி போடுவாங்க. அதுல நடக்காத அக்கிரமம் இல்லை. கமிட்டிக்காரரோட அண்ணன் மகன் ரைடு போனா நடுவருக்கு விசில் வாயில சிக்கிக்கும். தொட்டது தொடலைன்னு சண்டை வந்து, விடிய விடிய பஞ்சாயத்து ஓடி, காலையில ஆறு மணிக்கு இறுதி ஆட்டம் நடந்த கதையெல்லாம் உண்டு. ஆனா முதல் பரிசு வாங்குன டீமைக் கூப்பிட்டு, "தம்பி, அடுத்த வருஷம் ராத்திரி ஆட்டம் பணம் கட்டுனவங்களுக்கு மட்டும், நீங்க பகல்ல வெயில்ல ஆடிக்கங்க"ன்னு சொன்ன கமிட்டியை நான் பாத்ததில்லை. சொன்னா மறு வருஷம் கோடு போடக்கூட ஆள் வராது. ஊருக்குள்ள நடமாட முடியாது. கூட்டமைப்புக்காரங்களுக்கு அந்தப் பயம் இல்லை, டெல்லியில உக்காந்திருக்காங்க.

அதிகாரிங்க பக்கம் நியாயமே இல்லையான்னு கேட்டா, இருக்கு. ஐ-லீக்ல காசே கிடையாது. மஹிந்திரா யுனைடெட் 2010ல கடையைக் கட்டுச்சு, ஜேசிடி 2011ல. 2010ல கூட்டமைப்பு போட்ட ஒப்பந்தம் 15 வருஷத்துக்கு 700 கோடி ரூபாய். அந்தப் பணம் இல்லாம தேசிய அணி முகாம்கூட நடத்தியிருப்பாங்களான்னு சந்தேகம்தான். காசு போட்டவன் தன்னோட லீக் மேல இருக்கணும்னு கேப்பான், கேக்கத்தான் செய்வான். அதுக்காக ஏணியையே எடுத்து ஒளிச்சு வைக்கணுமா? மூணு வருஷம் தொடர்ந்து ஐ-லீக்கை ஜெயிச்சது யாருன்னு பாருங்க. 2017ல ஐஸால், 2018ல மினர்வா, 2019ல சென்னை சிட்டி. மூணுமே பெரிய பேர் இல்லாத கிளப். ஒவ்வொண்ணா ஜெயிச்சு ஜெயிச்சு அங்கயே நின்னுச்சுங்க. ஐஸால் ஜெயிச்ச கையோட எங்களையும் ஐஎஸ்எல்ல சேருங்கன்னு கேட்டுப் போராடினாங்க, ஒண்ணும் நடக்கலை.

சென்னை சிட்டிக்கு வந்த மரியாதை ஒண்ணு உண்டு. 2020 ஜனவரி 14, ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச்சுற்று. பஹ்ரைனோட ரிஃபா கிளப் கூட ஒரே ஒரு ஆட்டம். நடந்தது கோவையில இல்லை, அகமதாபாத்துல. 0-1ல தோத்துட்டோம், முடிஞ்சுது. அந்த சீசன்ல ஐஎஸ்எல் பட்டியல்ல முதலாவதா வந்த எஃப்சி கோவாவுக்கு நேரடியா குரூப் சுற்றுலயே இடம். ஆசியக் கூட்டமைப்பு போட்டியைப் பெருசாக்கினதும் ஒரு காரணம்தான், ஒத்துக்கறேன். வயித்தெரிச்சலுக்கு அதெல்லாம் தெரியுதா?

அப்புறம் டீம் உதிர ஆரம்பிச்சுது. எட்வின் சென்னையின் எஃப்சிக்கு. மான்சி ஜப்பானுக்கு. ரொமாரியோ கோவாவுக்கு. ஆட்டக்காரங்களைச் சொல்லிக் குத்தமில்லை, மேல போக வேற வழி எங்க இருக்கு? கிளப் பக்கமும் ஓட்டை இருந்துச்சு. சம்பளப் பாக்கிப் பிரச்சினை பத்திரிகை வரைக்கும் வந்துச்சு, அதுக்கெல்லாம் நான் வக்காலத்து வாங்க மாட்டேன். 2021-22 ஐ-லீக் பட்டியல் வந்தப்போ மேலேர்ந்து கீழ வரைக்கும் ரெண்டு தடவை படிச்சேன். சென்னை சிட்டி இல்லை. சாம்பியன் ஆகி மூணே வருஷம்.

இனிமேதான் எனக்கு நெஜமாவே தாங்காத இடம். சொன்னபடியே 2023ல கதவு திறந்துச்சு. ஐ-லீக்ல ஜெயிச்சு, ஆட்டத்தால மட்டுமே ஐஎஸ்எல்லுக்கு ஏறின முதல் டீம் எது தெரியுமா? பஞ்சாப் எஃப்சி. யாரு? பழைய மினர்வாதான், கை மாறி, பேரு மாறி வந்திருக்கு. அன்னிக்கு கோவையில 3-1 வாங்கிட்டுப் போன அதே கிளப்! அவங்க ஏறினதுல தப்பே இல்லை. காத்திருந்தாங்க, ஜெயிச்சாங்க, ஏறினாங்க. காத்திருக்கத் தெம்பு இருந்துச்சு. ஜெயிச்ச நம்மாளுக்கு இல்லை.

2024ல முகமதன் ஏறுச்சு. 2024-25ல அதுக்கும் மேல ஒரு கூத்து. நாம்தாரி டீம் தகுதியில்லாத ஆட்டக்காரரை இறக்கினாங்கன்னு ஒரு வழக்கு. ஏப்ரல்ல லீக் முடிஞ்சுது, கூட்டமைப்பு சர்ச்சில் பிரதர்ஸ்தான் சாம்பியன்னுச்சு. இன்டர் காசி சுவிட்சர்லாந்துல இருக்கற விளையாட்டு நீதிமன்றத்துக்குப் போய், ஜூலை 18ஆம் தேதி தீர்ப்பு அவங்க பக்கம் வந்துச்சு. பந்து நின்னு மூணு மாசத்துக்கு அப்புறம்தான் யாரு ஜெயிச்சான்னே தெரியுது. அதே ஜூலையில, அந்த 15 வருஷ ஒப்பந்தம் முடியப் போகுது, புதுசு போடலைன்னு ஐஎஸ்எல்லயே நிறுத்தி வச்சாங்க. மாடியில இருந்தவங்களும் படியில உக்காந்தாங்க. எனக்கு அதுல சந்தோஷம் வரும்னு நெனச்சேன். வரலைங்க.

"சென்னையின் எஃப்சியை சப்போர்ட் பண்ண வேண்டியதுதானே, அவங்களும் தமிழ்நாடுதானே"ன்னு பையன் கேக்குறான். ஆட்டம் இருந்தா பாக்கத்தான் செய்யறேன். கோல் விழுந்தா கை தட்டவும் தட்டறேன். ஆனா போன்ல கேட்ட அந்த இரைச்சல் இருக்கே, அது இதுல வர மாட்டேங்குது.

2019 மார்ச் 9 அன்னிக்கு நேரு ஸ்டேடியத்துல இருந்தவங்க யாராவது இதைப் படிச்சீங்கன்னா, போரா அடிச்ச ரெண்டாவது கோலை எடுத்த படம் இருந்தா அனுப்பி வைங்க. சித்தப்பா பையன்கிட்ட கேட்டேன். குதிச்ச குதியில போனே கீழ விழுந்துடுச்சாம், ஒரு படம்கூட இல்லை.